பதில் கூறக் கடமைப்பட்டவர் யார்?

தானத்துக்குக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றொரு பழமொழி உண்டு. வலைப்பதிவுக்கு இடம் வழங்கும் நிறுவனங்களைப் பற்றி யாரேனும் குறை கூறத் தொடங்கியதும் கற்றறிந்தோர் பலர் கையிலெடுப்பது இப்பழமொழியையே. காசு கேளாமல் இடம் தந்தவனிடம் சென்று, தந்த இடம் பறிபோயிற்றே என்று முறையிடுவது நன்றி மறத்தலன்றோ என வினவுவர். பணிவு போலத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் அடிமைப் புத்தியின் வெளிப்பாடாகும். அதனினும் மேலாக, தமிழில் எழுதுவோர் இதனை ஏற்றுக்கொள்வராயின், கடந்த இருபதாண்டு காலத்து எழுத்தில் பெரும் பகுதியைக் கேள்வியின்றிக் கைவிட இணங்கியோராவர்.

முறைப்பாடு என்பது இந்நிறுவனங்களிடத்து எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ வாழும் பதிவர் ஒருவர் ஒரு நாட் காலையிற் கணினியைத் திறக்கின்றார் என்க. பத்தாண்டு காலமாக அவர் எழுதியவை இருந்த இடத்தில், விதிகள் மீறப்பட்டமையால் இப்பதிவு நீக்கப்பட்டுள்ளது என்னும் ஒற்றை வரி நிற்கின்றது. எந்த விதி, எந்தக் கட்டுரையால் மீறப்பட்டது, முறையிட்டவர் யார் என்பன கூறப்படுவதில்லை. தொலைபேசி இலக்கம் இல்லை. கடிதம் எழுதுவதற்கு ஒரு பெயரும் இல்லை. ஒரு படிவம் உண்டு. அதனை நிரப்பி அனுப்பினால், உங்கள் வேண்டுகோள் கிடைத்தது என்று ஓர் இயந்திரம் மறுமொழி தரும். அதன் பின்னர் மௌனமே. பொறுமையிழந்தவர் உதவி மன்றத்துக்குச் செல்வர். அங்கே விடை கூறுவோரிற் பெரும்பாலார் நிறுவனத்தின் ஊழியரல்லர். கூகிள் நிறுவனத்தின் பிளாகர் சேவையில் வேதனமின்றி உதவும் தன்னார்வலரே அப்பணியைச் செய்கின்றனர். வேர்ட்பிரஸ்.கொம் சேவையிலும் இலவசப் பதிவருக்கு மன்றமே கதி. ஊழியருடன் நேரே தொடர்புகொள்ளும் வசதி பணம் கட்டியோர்க்கே உரியது.

மன்றத்தில் நின்று உதவும் அந்நல்லோரைக் குறை கூறுதல் நியாயமன்று. கச்சேரி வாசலில் மேசை போட்டமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவர் நிலையே அவர்களுடையதும். மனுவைத் திருத்தமாக எழுதித் தருவர், எந்த வாசலிற் சென்று கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுவர். ஆயின் தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை. வேறுபாடு யாதெனில், கச்சேரிக்கு உள்ளே ஓர் அதிகாரி இருக்கின்றார் என்பதே. அவர் பொல்லாதவராக இருக்கலாம், மனுவைப் பல மாதம் பார்க்காமலும் வைத்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பெயருண்டு, மேலதிகாரி உண்டு. அவரை நியமித்த அரசைத் தேர்தலில் தோற்கடிக்கவும் முடியும். சங்கக்கடை முகாமையாளர் சீனி இல்லை என்று சொன்னாலும், இல்லை என்பதைச் சொல்வதற்காவது அங்கே நிற்கின்றார்.

இந்நிலை கீழைத்தேயத்துச் சிறு பதிவர்க்கு மட்டும் உரியது என எண்ணுதல் தவறு. அமெரிக்க நாவலாசிரியர் டெனிஸ் கூப்பர் பதினான்கு ஆண்டுகளாக நடத்திவந்த வலைப்பதிவை 2016 யூன் மாத இறுதியிற் கூகிள் நிறுவனம் முடக்கியது. அவருடைய மின்னஞ்சற் கணக்கும் உடன் முடக்கப்பட்டது. அசையும் படங்களைக் கொண்டு அவர் ஆக்கிவந்த நாவல் ஒன்றும் அப்பதிவோடு மறைந்தது. சேவை நிபந்தனைகள் மீறப்பட்டன என்பதற்கு மேல் அவருக்கு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். உலகப் பத்திரிகைகள் எழுதின. பென் அமெரிக்கா என்னும் எழுத்தாளர் அமைப்புக் குரல் கொடுத்தது. வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞரோடு பேசினர். இவ்வளவும் நிகழ்ந்த பின்னர், இரண்டு மாதங் கழித்து, அவருடைய எழுத்துக்கள் அவருக்குத் திருப்பி அளிக்கப்பட்டன.

கூப்பர் வென்றார் என்பதே இக்கதையின் வழக்கமான முடிவு. ஆயின் கதையைத் திருப்பிப் படித்தல் வேண்டும். நாடறிந்த நாவலாசிரியர் ஒருவர், அமெரிக்கப் பத்திரிகைகளின் துணையோடும் சட்டத்தரணியின் துணையோடும், ஆங்கிலம் பேசும் ஒரு நிறுவனத்திடம் ஆங்கிலத்திலேயே கேட்டு, ஒரு மனிதரின் பதிலைப் பெறுவதற்கு இரண்டு மாதம் சென்றது. தன் ஊர்க் குளங்களின் பெயர்களையும் அவற்றின் வரலாற்றையும் தமிழில் எழுதிவந்த சாவகச்சேரி ஆசிரியர் ஒருவருக்கு இதே நிலை நேருமாயின், எந்தப் பத்திரிகை எழுதும்? எந்தச் சட்டத்தரணி பேசுவார்? அவருக்காகக் கையொப்பமிட இருநூறு பேர் கிடைப்பரா?

இனி, தானம் என்னும் வாதத்துக்கு வருவோம். மாடு தானமாக வந்தது என்பதே பொய். 1999 இற் பைரா லாப்ஸ் என்னும் சிறு நிறுவனம் தொடங்கிய பிளாகரைக் கூகிள் நிறுவனம் 2003 இல் விலைகொடுத்து வாங்கியது தருமம் செய்வதற்கன்று. எழுதுவோர் எழுத எழுதத் தேடுவதற்குரிய பொருள் பெருகும். தேடுவோர் பெருக விளம்பரம் பெருகும். பதிவர் தம் பக்கத்தில் விளம்பரத்தை அனுமதித்தால் அவ்வருவாயில் ஒரு பங்கும் நிறுவனத்துக்கே செல்லும். வேர்ட்பிரஸ்.கொம் இலவசத் தளங்களில் நிறுவனமே விளம்பரங்களை இடுகின்றது. இலவசப் பதிவருக்கு அதிற் பங்கில்லை. எழுதியவர் உழைப்பு, வாசித்தவர் நேரம் என்னும் இரண்டையும் கறந்துகொள்ளும் கொட்டிலுக்குத் தானம் என்ற பெயர் பொருந்துமா?

கூகிள் நிறுவனம் தன் விளம்பரச் சேவையில் தமிழை ஏற்றுக்கொண்ட ஆண்டு 2018. அதுவரை தமிழ்ப் பக்கங்கள் அச்சேவைக்குத் தகுதியற்ற மொழியிலமைந்தனவாகக் கொள்ளப்பட்டன. தமிழர் வாங்குந் திறன் உடையோர் என்பது தெரிந்ததும் மொழியும் தெரிந்துவிட்டது. விற்பதற்குத் தமிழ் கற்ற நிறுவனம், முறைப்பாட்டைக் கேட்பதற்கும் தமிழறிந்த மனிதர் ஒருவரை அமர்த்த வேண்டும் எனக் கோருவது பேராசையாகாது.

பணம் கட்டினால் இத்தொல்லை நீங்கும் என்பாரும் உளர். டைப்பேட் என்னும் சேவை 2003 முதற் பணம் பெற்றே வலைப்பதிவுக்கு இடம் தந்தது. 2025 ஓகஸ்ட் இறுதியில் ஓர் அறிவித்தல் வெளியிட்டு, செப்டெம்பர் 30 உடன் கதவைச் சாத்தியது. ஏறத்தாழ ஐந்து வாரத் தவணை! வீட்டு வாடகைக்காரரை எழுப்புவதற்குக் கூட இதனினும் கூடிய தவணை கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம்.

தவணை என்பதைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டியுள்ளது. யாகூ நிறுவனத்தின் ஜியோசிற்றீஸ், வலைப்பதிவுகள் பரவுமுன்னர் சாதாரண மக்கள் இலவசமாகப் பக்கம் அமைத்த பெருந்தளம். 1999 இல் முந்நூறு கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதிக்கு யாகூ அதனைக் கைப்பற்றியது. அது மூடப்படும் என்ற செய்தி 2009 ஏப்ரலில் வெளிவந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 26 ஆம் நாள் மூடப்பட்டது. வேண்டியவர்கள் தம் கோப்புக்களை இறக்கிக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்ததன்றோ என்பர். 2009 ஏப்ரலில் வன்னி மக்கள் முள்ளிவாய்க்காலை நோக்கி ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். ஒக்ரோபரில் இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து முகாம்களிற் கம்பி வேலிக்குள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் அத்தளத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார் எனக் கொண்டால், அந்த ஆறு மாதம் அவருக்கு எதற்கு உதவியிருக்கும்? மின்சாரமும் ஓய்வும் கடவுச்சொல்லும் கையில் உள்ள ஒருவரை மனத்திற் கொண்டே இத்தவணைகள் வகுக்கப்படுகின்றன. நிறுவனம் வேண்டுமென்று தீங்கு செய்தது என்று யாரும் கூறமாட்டார். எனினும் முகாமிலிருந்து, பொறுங்கள் என்று ஒரு வரி எழுதியனுப்பினால் அதனைப் படிப்பதற்கு ஒருவர் இருந்தாரா என்பதே வினா.

யாழ்ப்பாணத்துக்கு வலைப்பதிவு பொழுதுபோக்காக வரவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1990 களில் மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்திற் படித்த தலைமுறையினர், பத்திரிகைகள் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்ததைக் கண்டவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் குடாநாட்டிற் பத்திரிகைத் தாள் மீண்டும் அரிதாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், ஒருங்குறி எழுத்துரு பரவி, காசி ஆறுமுகம் 2004 இற் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி வழியே தமிழ்ப் பதிவுகள் ஒன்றையொன்று அறியலாயின. தாள் வேண்டாத, தணிக்கையாளர் மேசைக்குச் செல்லாத, ரொறன்ரோவில் இருப்பவரும் நல்லூரில் இருப்பவரும் ஒருங்கே படிக்கக்கூடிய ஏடு முதன்முறையாகக் கைக்கு வந்தது. பலர் தமது பெயரை மறைத்து எழுதினர். அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த கிராமத்தின் ஒழுங்கைகள், பாடசாலை நாடகங்கள், பேச்சுவழக்குச் சொற்கள், கடலோரத்துத் தொழிற் பெயர்கள், காணாமற் போன நண்பர் பற்றிய குறிப்புக்கள் என அச்சில் ஒருபோதும் வராத பல அப்பதிவுகளிலே உள்ளன. சிலவற்றை எழுதியவர்கள் இன்று இல்லை.

இறந்தவர் கணக்குப் பற்றி நிறுவனங்களுக்குள்ள கவலை இடத்தைப் பற்றிய கவலை. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத கணக்குகள் அழிக்கப்படலாம் எனக் கூகிள் 2023 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பரில் அதனைத் தொடங்கியது. கணக்குரியவர் தமக்குப் பின் யாரிடம் செல்ல வேண்டும் என எழுதிவைக்கும் வசதியை அந்நிறுவனம் ஏற்படுத்தியது 2013 இல். 2009 இல் இறந்தவர் அதனைப் பயன்படுத்தியிருக்க முடியாது. அவருடைய தங்கை கேட்க விரும்பினால், இறந்தவரின் சான்றிதழோடும் ஆங்கிலத்தில் ஒரு விளக்கத்தோடும் முகமறியாத படிவம் ஒன்றின் முன் நிற்க வேண்டும். போரில் இறந்தவர்க்கு மரணச் சான்றிதழ் பெறுவதே பல குடும்பங்களுக்குத் தீராத பிரச்சினையாயிருக்கும் நாடு இது.

இவ்விழப்பை 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதோடு ஒப்பிட்டு மேடைகளிற் சிலர் முழங்குவதுண்டு. அவ்வொப்பீடு மிகை. ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்த கைகளுக்குப் பின்னால் ஒரு பகை இருந்தது. இங்கே பகை இல்லை. அலட்சியம் என்று கூறுவதற்கும் இடமில்லை, ஏனெனில் அலட்சியம் செய்வதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

விளங்காத மொழியிற் பதில் பெறுவது தமிழருக்குப் பழகிப்போன அனுபவமாதலாலேயே இதனை இயல்பென ஏற்கின்றனரோ என ஐயுற வேண்டியுள்ளது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர் சிங்களத்தில் வந்த கந்தோர்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வாசித்துச் சொல்வார் யாரெனத் தேடி அலைந்த பாட்டன்மாரின் கதைகள் வடக்கிற் பல வீடுகளில் உண்டு. அக்கடிதத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது, ஒப்பந்தங்கள் எழுதிக் கிழிக்கப்பட்டன, 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என ஏற்றது. நடைமுறை இன்றும் குறையுடையதே. எனினும் தமிழிற் பதில் தா என்று கேட்பதற்கு ஓர் உரிமை வாசகம் உண்டு. அதே பேரனுடைய எழுத்தை ஓர் அயல்நாட்டு நிறுவனம் முடக்கி ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பும்போது, பேரன் தலையைக் குனிந்து படிவத்தை நிரப்புகின்றான். பாட்டனின் கோபம் எங்கே போயிற்று?

இது தமிழருக்கு மாத்திரம் உரிய குறையுமன்று. 2018 மார்ச்சில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தபோது, முகநூலிற் சிங்களத்திற் பரவிய வெறுப்புரைகளைப் பற்றிச் செய்யப்பட்ட முறைப்பாடுகளைப் படிப்பதற்குச் சிங்களம் அறிந்தோர் போதியளவில் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அரசு அத்தளங்களையே சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்தில் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. வைத்திருக்க வேண்டியதை அழிப்பதும், அழிக்க வேண்டியதை வைத்திருப்பதும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகளே. கேட்பதற்கு, கேட்கும் மொழியறிந்த மனிதர் இல்லை.

இவ்வளவு பெருந்தொகையான பதிவர்க்கு மனிதரைக் கொண்டு பதில் கூறல் இயலாத காரியம் என நிறுவனத்தார் கூறுவர். இயலும் என்பதை வேறு நாட்டுச் சட்டங்கள் காட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் 2022 இல் நிறைவேறி 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவை நீக்கினால் அதற்குரிய காரணத்தைத் தெளிவாக எழுத்தில் தர வேண்டும்; சிறு நிறுவனங்கள் நீங்கலாக ஏனைய தளங்கள் முறைப்பாட்டைக் கேட்கும் ஒழுங்கை வைத்திருக்க வேண்டும்; அம்முறைப்பாட்டை இயந்திரம் மட்டும் தீர்க்கக் கூடாது என்பன அதன் ஏற்பாடுகள். இந்தியாவில் 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்கப் பணிக்கின்றன. முறைப்பாடு கிடைத்தமையை 24 மணி நேரத்தில் ஏற்று, குறித்த கால எல்லைக்குள் அதனைத் தீர்த்தல் வேண்டும். (அவ்விதிகளே அரசு தனக்குப் பிடிக்காதவற்றை நீக்குவிக்கவும் உதவுகின்றன என்ற கண்டனம் அங்கே உண்டு; அது புறக்கணிக்கத்தக்கதன்று.) ஆகவே கோடியக்கரையில் இருக்கும் தமிழருக்குக் கேட்பதற்கு ஓர் அதிகாரியேனும் உண்டு, பாக்கு நீரிணைக்கு இப்பால் வல்வெட்டித்துறையில் இருப்பவருக்கு இல்லை. நிறுவனம் ஒன்று, மொழி ஒன்று, சட்டம் மட்டும் வேறு.

இலங்கையும் சட்டம் இயற்றாமல் இல்லை. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துள்ளது. எதனை நீக்குவிக்கலாம், யாரைத் தண்டிக்கலாம் என்பதில் அச்சட்டம் காட்டும் அக்கறையில் ஒரு துளியேனும், நீக்கப்பட்டவருக்கு நிறுவனம் பதில் கூற வேண்டும் என்பதிற் காட்டப்படவில்லை. எழுதுவோனுக்கு மேலும் ஒரு காவலாளியை நியமித்தார்களேயன்றிச் சாட்சியை நியமிக்கவில்லை.

பிறர் இடத்தில் எழுதாதே, சொந்த இடம் தேடு என்னும் அறிவுரையிலே உண்மை உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அதனை அறிந்திருந்தார். அமெரிக்க மிசனார் மானிப்பாயில் அச்சகம் வைத்திருந்தனர். 1841 இல் உதயதாரகை வெளிவந்துவிட்டது. எனினும் 1849 இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் தமக்கென அச்சுக்கூடம் நிறுவினார் நாவலர். மாறுபட்ட கருத்துடையவன் மற்றவனுடைய எழுத்துப்பெட்டியின் தயவில் நெடுங்காலம் எழுத முடியாது என்பதை விளக்க இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை உழைத்துக் கட்டிய தன்னார்வலரும் அவ்வழியில் வந்தவர்களே. ஆயின் நாவலர் அச்சுக்கூடம் வைத்தார் என்பதனால் ஏனைய அச்சகத்தார் கைப்பிரதிகளைக் கிணற்றிற் போட உரிமை பெற்றார்களா? ஒவ்வொரு பதிவரும் வழங்கி வாங்கிப் பராமரிக்க வேண்டும் என்பது, தபாற் கந்தோரிற் கடிதம் தொலைந்ததென்று கூறியவரிடம் நடந்து போய்க் கொடுத்திருக்கலாமே என்பதை ஒக்கும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் அச்சேற்றுமுன் ஏடுகளைத் தேடி அலைந்தார். ஏடு வைத்திருந்தோர் எல்லோரும் மனமுவந்து கொடுத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவ்வேடுகள் இருந்த வீடுகளுக்குப் படலை இருந்தது, படலையிற் தட்டினால் ஒருவர் வந்தார்.

பல்கலைக்கழகத்துத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு தோறும் விழா எடுப்பதோடு அமையாது, தம் நூலகங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பதிவரின் இசைவோடு, அவர் இறக்கித் தரும் கோப்புக்களை ஏற்றுப் பட்டியலிட்டு வைக்கும் ஒரு பிரிவு. பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் கணக்குத் திறந்திருக்கும் வரை முழுப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கும் வசதி உண்டு. முடக்கப்பட்ட பின்னர் அது கைகொடாது. ஆகவே அவ்வேலை அவசரமானது. அரசிடம் கேட்க வேண்டியது வேறு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைப் பேணுவதற்கும் அவற்றைப் பதிவு செய்வதற்கும் ஆங்கிலேயர் 1885 இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தனர். குடியேற்ற அரசு தன் கண்காணிப்புக்கென வகுத்த அச்சட்டத்தின் புண்ணியத்தால், கோயிற் பிணக்கொன்றைப் பற்றி அக்காலத்தில் அச்சான எட்டுப் பக்கக் கண்டனத் துண்டுப் பிரசுரத்துக்கும் சுவடிச்சாலையிற் செல்ல ஓர் இடம் ஏற்பட்டது. வலையில் எழுதப்பட்டவற்றுக்கு அத்தகைய இடம் இன்னும் இல்லை. அதனை வகுக்கும்போது, இடம் வழங்கும் நிறுவனம் ஒரு பதிவை அழிக்குமுன் எழுதியவருக்கு அவர் எழுதிய மொழியிற் காரணம் கூறவும், அவர் கேட்டால் முழுப் பிரதியையும் கையளிக்கவும் கட்டாயப்படுத்தும் பிரிவொன்றும் அதிற் சேர்க்கப்படல் வேண்டும்.